வெண்மையை யார் தீர்மானிப்பது? பனிச்சிகர நுண்கலைப் படங்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

டிசம்பர் பள்ளி விடுமுறை முடிந்ததும் சிங்கப்பூரில் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் பனிமலைகள் குவியத் தொடங்கிவிடும். ஹொக்கைடோ, சுவிட்சர்லாந்து, குல்மார்க், போக்ரா என்று ஆளுக்கொரு மலை. எல்லாமே அழகான படங்கள்தான். "இங்கே போனோம், இதைப் பார்த்தோம்" என்று அவை சொல்கின்றன. நினைவுக்காக எடுக்கும் படத்தின் வேலையே அதுதான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே சிகரத்தை ஒருவர் படமெடுத்து, சட்டம் போட்டு, கண்காட்சிச் சுவரில் மாட்டி, இது நுண்கலைப் புகைப்படம் என்று சொல்லும்போது பலருக்குக் குழப்பம் வந்துவிடுகிறது. மலை அதே மலை. கேமராவும் ஏறக்குறைய அதே கேமரா. பிறகு எதில்தான் வித்தியாசம்?

என்னைக் கேட்டால், நுண்கலைப் படத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் ஒருவர் யோசித்து எடுத்த முடிவு. வானம் எவ்வளவு கறுக்க வேண்டும், பனி எவ்வளவு வெளுக்க வேண்டும், அடிவாரத்தைச் சேர்ப்பதா விடுவதா, எந்தத் தாளில் என்ன அளவில் அச்சிடுவது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருக்கும். நினைவுப் படத்தில் இவற்றில் பாதிக்கு மேல் கேமராவே முடிவு செய்துவிடுகிறது. விலையுயர்ந்த கருவி வாங்குவதாலோ கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவதாலோ ஒரு படம் கலைப்படம் ஆகிவிடாது.

இதைக் கற்றுக்கொள்ளப் பனிச்சிகரத்தைப் போல் நல்ல பாடம் வேறில்லை. அங்கே இருப்பவை நான்கே நான்கு: பாறை, பனி, வானம், வெளிச்சம். ஒரு முடிவைக் கேமராவிடம் விட்டுவிட்டாலும் உடனே தெரிந்துவிடும்.

கேமராவுக்கு வெள்ளை என்றால் என்னவென்று தெரியாது

முதலில் வெண்மையைப் பார்ப்போம். கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு முன்னால் இருப்பது பனியா, பாறையா, வேட்டியா என்பது தெரியாது. தன் மேல் விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம்தான் எதிரில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அது கணக்குப் போடுகிறது. புல்வெளிக்கும் செங்கல் சுவருக்கும் அந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும். புதிதாக விழுந்த பனியோ 80 முதல் 90 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்று நினைத்துக் கேமரா குறைத்துவிடுகிறது. பனி சாம்பலாக வருவது அதனால்தான்.

ஜப்பான் போய் வந்த தம்பி ஒருவர் இதைத்தான் என்னிடம் கேட்டார்.

"அக்கா, கண்ணால பார்க்கும்போது அவ்வளவு வெள்ளையா இருந்துச்சு. படத்துல பார்த்தா சிமெண்டு மாதிரி இருக்கு."

"எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் எவ்வளவு வச்சீங்க?"

"அதைத் தொடவே இல்லையேக்கா."

அதுதான் விஷயம். கேமராவில் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தானோ சக்கரமோ இருக்கும். பனி நிறைந்த காட்சியில் அதைக் கூட்டல் பக்கம் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை தள்ள வேண்டும். ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும். 18-ஐ ஒருமுறை இரட்டித்தால் 36, மறுமுறை இரட்டித்தால் 72. உண்மையான பனியின் பிரகாசத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். கைபேசியில் எடுப்பவர்கள் திரையில் பனியைத் தொட்டுவிட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுத்தால் போதும். இப்போது வரும் கருவிகள் பனியை ஓரளவு அடையாளம் கண்டுகொள்கின்றன என்றாலும், சட்டகம் முழுக்கப் பனியாக இருந்தால் அவையும் தடுமாறும்.

அதற்காக ஒரேயடியாகக் கூட்டிவிடவும் கூடாது. அளவு மீறினால் பனியில் உள்ள விவரங்கள் அழிந்துவிடும். அழிந்த இடத்தைக் கணினியில் எவ்வளவு முயன்றாலும் மீட்க முடியாது, ஏனென்றால் அங்கே பதிவாகியிருப்பது வெறுமை. இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் வைத்து, படத்தில் எது எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடம் இதற்குத்தான் இருக்கிறது. அதன் மேடு வலப்பக்கம் நெருங்கி நிற்க வேண்டும், சுவரில் மோதக் கூடாது. கேமரா தன் திருத்தம் எதுவும் செய்யாமல் சேமிக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்தால் திருத்துவதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும்.

வெள்ளைக்குள் அப்படி என்ன விவரம் இருந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். ஒரு பனிச்சரிவைக் காலை நேரத்தில், தொலைவை அருகில் இழுத்துக் காட்டும் நல்ல டெலி லென்ஸ் வழியாகப் பாருங்கள். காற்று அறைந்த பக்கம் இறுகி, கடற்கரை மணல்போல் வரிவரியாக இருக்கும். காற்று மறைந்த பக்கத்தில் தூள்பனி மெத்தென்று தேங்கியிருக்கும். முகட்டின் விளிம்பில் பனி காற்றோடு வெளியே நீண்டு, கூரை நுனியாக அந்தரத்தில் நிற்கும். அதன் நிழல் கீழே சரிவில் கத்தியால் கீறியதுபோல விழும். அந்த நிழல் கறுப்பாக இருக்காது, நீலமாக இருக்கும். நேர் வெயில் படாத பனிக்கு வெளிச்சம் தருவது நீல வானம் மட்டுமே என்பதால் வரும் நிறம் அது. வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் சில நேரம் இந்த நீலத்தைப் பிழை என்று நினைத்துத் துடைத்துவிடும். நீலத்தை அப்படியே வைப்பதா, குறைப்பதா, முழுக்க எடுப்பதா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. நான் பெரும்பாலும் வைத்துவிடுவேன். வெயில் பட்ட பனியின் இளஞ்சூடு அந்த நீலத்தின் பக்கத்தில்தான் எடுப்பாகத் தெரிகிறது.

வானத்தைக் கறுப்பாக்கியவர்

மலையைப் படமெடுக்கும் ஆசை புகைப்படக் கலை பிறந்த சில பத்தாண்டுகளிலேயே வந்துவிட்டது. 1861-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஒகுஸ்த் ரோசாலி பிஸ்ஸோன், 25 சுமைதூக்கிகளுடன் ஆல்ப்ஸில் உள்ள மோன் பிளாங்க் உச்சிக்கு ஏறிப் படம் எடுத்தார். அப்போது கண்ணாடித் தட்டில் ரசாயனத்தைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படமெடுத்து, காய்வதற்குள் அங்கேயே கழுவியாக வேண்டும். கழுவத் தண்ணீர் வேண்டுமென்றால் பனியை உருக்கத்தான் வேண்டும். ஐந்து ஆண்டுகள் கழித்து, ஆங்கிலேயப் புகைப்படக்காரர் சாமுவேல் போர்ன் இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள மணிரங் கணவாயில், சுமார் 18,600 அடி உயரத்தில் இதே வேலையைச் செய்தார். குளிரில் விரல் மரத்துப்போகும் உயரத்தில், கூடாரத்துக்குள் அமர்ந்து, ஈரக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு!

அந்தத் தட்டுகளுக்கு ஒரு குணம் உண்டு. நீல ஒளிதான் அவற்றில் வலுவாகப் பதியும். நீல வானம் தட்டில் ஓங்கிப் பதிந்து, அச்சில் வெள்ளையாக வந்துவிடும். பனியும் வெள்ளை, வானமும் வெள்ளை. சிகரத்தின் கோடு வானத்தில் கரைந்துபோகும். ஆக, அந்தக் காலத்தில் வானத்தின் நிறத்தைப் பெரும்பாலும் ரசாயனமே தீர்மானித்தது.

அடுத்த தலைமுறையில் வந்தவர் இத்தாலியின் விட்டோரியோ செல்லா. ஆல்ப்ஸ் மலைகளில் 30-க்கு 40 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தட்டுகளைச் சுமந்துகொண்டு ஏறியவர். 1909-இல், ஐம்பதை நெருங்கிய வயதில், 8,611 மீட்டர் உயரமுள்ள கே2 சிகரத்தின் அடிவாரப் பனியாறுகளில் அவர் எடுத்த படங்களை இன்றும் மலையேறிகள் பாதை தேடப் பார்க்கிறார்கள், கலைஞர்கள் வெளிச்சத்தைப் படிக்கப் பார்க்கிறார்கள். ஒரே படம் இரண்டு வேலையையும் செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று அவர்தான்.

ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் 'முடிவு' என்ற விஷயம் துல்லியமாகத் தெரியும் நாள் ஒன்று உண்டு. 1927 ஏப்ரல் 10. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் என்னும் பாறை முகத்துக்கு எதிரே, 25 வயது ஆன்செல் ஆடம்ஸ் தன் பெரிய கேமராவோடு நிற்கிறார். கொண்டுபோன கண்ணாடித் தட்டுகளில் மிச்சம் இரண்டே இரண்டு. லென்ஸின் முன்னால் மாட்டும் நிறக்கண்ணாடியான ஃபில்டரில் மஞ்சளைப் போட்டு ஒன்றை எடுத்துவிட்டார். எடுத்த உடனே, அந்தத் தட்டில் வானம் சாதாரண வானமாகத்தான் வரும் என்பது அவருக்கு உறைத்தது. அந்தப் பாறைக்கு முன்னால் நின்றபோது அவர் உணர்ந்ததோ வேறு. அச்சம் கலந்த ஒரு கம்பீரம். ஃபில்டரைக் கழற்றி, அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியை உள்ளே விடாது. அதனால் நீல வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகும். நிழல்களுக்கு ஒளி தருவதும் நீல வானம் என்பதால் அவையும் ஆழமாகும். பனி மட்டும் வெள்ளையாக நிற்கும். கடைசித் தட்டை அப்படி எடுத்தார்.

இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. இடம், பாறை, கேமரா எல்லாம் ஒன்றுதான். முதல் படம் பாறையைக் காட்டுகிறது. இரண்டாவது படம் அதன் முன் நின்றவரின் மனத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே, அச்சில் வரப்போகும் படத்தை மனத்தில் பார்த்துவிட வேண்டும் என்பதை ஆடம்ஸ் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார்.

இன்று நமக்குச் சிவப்புக் கண்ணாடி வேண்டியதில்லை. வண்ணத்தில் எடுத்து, கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நீலத்தை மட்டும் இறக்கினால் அதே விளைவு கிடைக்கும். உயரமான இடங்களில் காற்று மெலிந்திருப்பதால் வானம் இயல்பாகவே அடர்நீலமாக இருக்கும். அங்கே வானத்தை மேலும் கறுக்க வைக்கும் போலரைசர் ஃபில்டரையும் மாட்டினால், பரந்த காட்சியை அடக்கும் அகல லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் திட்டாகக் கறுத்துவிடும். கவனமாக இருங்கள்.

வெளிச்சமும் லென்ஸும்

நடுப்பகல் வெயிலில் மேகமே இல்லாத நீல வானத்தின் கீழ் பளிச்சென்று நிற்கும் சிகரம், அஞ்சலட்டைக்கு நல்லது. படம் என்று பார்த்தால் அதைவிடத் தட்டையான வெளிச்சம் இல்லை. நாம் பார்த்த வரிகளும் விளிம்புகளும் பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளியில்தான் எழுந்து நிற்கும். காலையும் மாலையும்தான் வேலை நேரம்.

இதில் சிங்கப்பூரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறோம். இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். ஏழு மணிக்கு மேல் பொன்வெளிச்சம் வந்த வேகத்தில் போய்விடும். அதே பழக்கத்தில் ஹொக்கைடோவிலோ ஆல்ப்ஸிலோ அவசரப்படத் தேவையில்லை. குளிர்காலத்தில் அங்கே சூரியன் தாழ்வாகவே சாய்ந்து நகரும், நல்ல வெளிச்சம் நெடுநேரம் நிற்கும். இன்னும் வடக்கே அலாஸ்காவில், ஆடம்ஸ் 1940-களின் பிற்பகுதியில் ஒரு கோடையில் தெனாலி சிகரத்தை எடுத்தபோது நேரம் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. அப்போதே சிகரத்தில் வெயில் விழுந்திருந்தது.

நேபாளத்தின் பூன் ஹில் 3,210 மீட்டர் உயரம். இங்கிருந்து போகிறவர்கள் பலர் முதன்முதலில் பெரிய சிகரங்களைக் கண்கொண்டு பார்ப்பது அங்கேதான். 8,167 மீட்டர் தௌலகிரி ஒரு பக்கம், அன்னபூர்ணா தெற்குச் சிகரம் எதிரே, புனித மலை என்று ஏற அனுமதிக்கப்படாத மச்சாபுச்சரே இன்னொரு பக்கம். விடியும் முன் எல்லாம் ஒரே நீலச்சாம்பல். முதல் ஒளி மிக உயர்ந்த முகட்டின் நுனியில் ஒரு புள்ளியாகப் படும், அப்புறம் செம்பு நிறத்தில் கீழே வழியும், பிறகு பொன்னாகி, வெள்ளையாகி முடிந்துவிடும். எல்லாரும் செம்பு நிறத்தில் சுடுவார்கள். நீங்கள் அதற்கு முந்தைய நீலச்சாம்பலையும் எடுத்துப் பாருங்கள். நிழலே இல்லாத அந்த நேரத்தில் மலைக்கு ஒரு மௌனம் இருக்கிறது. எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

லென்ஸ் விஷயத்தில் புதியவர்கள் அகல லென்ஸை நம்பிப் போய் ஏமாறுகிறார்கள். கண்ணுக்கு வானளாவத் தெரிந்த சிகரம் படத்தில் சிறு கூம்பாகச் சுருங்கிவிடும். 70-200 மி.மீ. போன்ற டெலி லென்ஸால் மலையின் ஒரு துண்டை மட்டும் எடுங்கள். ஒரு முகடு, ஒரு சரிவு, பாதி மூடிய மேகம். மேகம் மலையை மறைத்துவிட்டதே என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். மறைக்கட்டும். பாதி தெரியும் மலைக்கு மீதியைப் பார்ப்பவரே கட்டிக்கொள்வார்.

அளவைக் காட்டுவதும் உங்கள் கையில் இருக்கிறது. ஓரத்தில் ஒரு மனிதரையோ மரத்தையோ புள்ளியாக விட்டால் மலை மலைக்க வைக்கும். எதுவுமே இல்லாமல் விட்டால், அது ஆயிரம் மீட்டர் சரிவா, காலடியில் கிடக்கும் பனித்திட்டா என்று தெரியாமல், வெறும் கோடும் நிறமுமாக மாறும். இரண்டும் நல்ல வழிகள்தான். எதை ஏன் தேர்ந்தோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

குளிரைப் பற்றிச் சுருக்கமாக: மின்கலம் குளிரில் சீக்கிரம் தளரும், மாற்று மின்கலத்தை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து இங்கே வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படிகிறதல்லவா, பனிநாட்டில் அது தலைகீழாக, வெளியிலிருந்து சூடான அறைக்குள் நுழையும்போது நடக்கும். நுழையும் முன்பே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் இருங்கள். உயரத்துக்கு உடம்பைப் பழக்காமல் படத்துக்காக ஓடாதீர்கள்.

பனியில்லாத ஊரில் பயிற்சி

நம் ஊரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா சுமார் 164 மீட்டர்தான். ஆனால் நம் தலைக்கு மேல் எவரெஸ்ட்டைவிட உயரமான வெள்ளை மலைகள் அடிக்கடி எழுகின்றன. ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் திரளும் இடிமேகங்களைத்தான் சொல்கிறேன். அவற்றின் உச்சி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரையும் தாண்டிப் போகும். வெண்மை, அதற்குள் மடிப்புகள், நீலநிழல், மாலையில் உச்சியில் மட்டும் ஒட்டியிருக்கும் செம்பு என்று பனிச்சிகரத்தில் சந்திக்கப்போகும் அத்தனை சிக்கலும் அங்கே இருக்கின்றன.

வீவக புளோக்கின் மேல்மாடி நடைபாதையில் நின்று, டெலி லென்ஸால் மேகத்தின் ஒரு தோளை மட்டும் எடுங்கள். காம்பன்சேஷனை ஒவ்வொரு படியாகக் கூட்டி, மடிப்புகள் எந்த இடத்தில் அழியத் தொடங்குகின்றன என்று பாருங்கள். பிறகு கறுப்பு வெள்ளையாக்கி நீலத்தை இறக்குங்கள். மின்னல் தொடங்கினால் உள்ளே வந்துவிடுங்கள். இது பயிற்சிக்காக மட்டும் சொல்வதல்ல. 1920-களில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் வெறும் மேகங்களை வருடக்கணக்கில் எடுத்து, தன் மனநிலைகளுக்கு ஈடானவை இவை என்று முன்வைத்தார். புகைப்படம் எதையும் அடையாளம் காட்டாமலேயே உணர்வைச் சொல்லலாம் என்று பலரை ஏற்கவைத்த படங்கள் அவை.

திருத்தம் எதுவரை?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இருட்டறைக் காலத்திலேயே ஓரிடத்தைக் கறுக்கவும் இன்னோரிடத்தை வெளுக்கவும் செய்தார்கள். ஆடம்ஸ் தன் புகழ்பெற்ற நிலவுப் படம் ஒன்றைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். ஆண்டு ஏற ஏற அதன் வானம் கறுத்துக்கொண்டே போனது. அதே நெகட்டிவ், வேறு வேறு முடிவுகள். எனவே ஒளியையும் நிழலையும் கூட்டிக் குறைப்பது இந்தக் கலையின் பகுதியே. அங்கே இல்லாத நிலவை ஒட்டுவது, வேறொரு நாளின் வானத்தை மாற்றி வைப்பது ஆகியவற்றை என் மனம் ஏற்பதில்லை. செய்கிறவர்கள் அதைச் சொல்லிவிட்டுச் செய்தால் அது வேறு வகைக் கலை. மலைப்படம் என்று சொல்லி மாட்டும்போது, அந்த வெளிச்சம் அந்த மலைமேல் உண்மையில் விழுந்தது என்ற நம்பிக்கையில்தான் ஒருவர் அதன் முன் நிற்கிறார்.

தாளில் வந்தால்தான் முடியும்

திரையில் பார்ப்பதோடு நின்றுவிட்டால் பாதி முடிவுகள் எடுக்கப்படாமலேயே இருக்கும். ஒரே மலையில் எடுத்தவற்றிலிருந்து ஐந்தாறு படங்களைத் தேர்ந்து சிறிதாக அச்சிட்டு, சுவரில் வரிசையாக ஒட்டிச் சில வாரம் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒன்றோடொன்று பேசாத படம் தானாக வெளியே போய்விடும். மிடில் ரோட்டில் உள்ள ஒப்ஜெக்டிஃப்ஸ் மையத்திலோ தேசியக் கலைக்கூடத்திலோ புகைப்படக் கண்காட்சி நடக்கும்போது போய், அச்சுகளை ஒரு முழ தூரத்தில் நின்று பாருங்கள். பளபளப்புத் தாளில் கறுப்பு எவ்வளவு ஆழமாகிறது, மங்கலான பருத்தித் தாளில் வெள்ளை எவ்வளவு மென்மையாகிறது என்பது திரையில் தெரியாது. பனிக்கு நான் மங்கலான தாளையே தேர்வேன்.

அச்சில் வெள்ளை மை கிடையாது. படத்தின் மிக வெளிச்சமான இடம் என்பது மை படாத வெறும் தாள். பனி முழுதும் வெறும் தாளாக நின்றால், அங்கே மலை இல்லை, ஓட்டைதான் இருக்கும். அதனால் பனியின் மிகப் பிரகாசமான பகுதியிலும் மெல்லிய சாயம் ஒன்று இருக்கும்படி, தாளின் வெண்மைக்கு ஒரு படி கீழே அதை நிறுத்துங்கள். வெயில் நேராகத் தெறிக்கும் ஓரிரு புள்ளிகளை மட்டும் வெறும் தாளாக விடலாம். சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது பனியின் மேல்தோல் உரிந்து வந்துவிடும்.